வட்டி வாங்காத வீட்டுக் கடன்: கிளாரன்ஸ் ஜோர்டன் வாழ்க்கை



வீட்டுக் கடன் தீர்ந்து, பத்திரத்தை வங்கியிலிருந்து திரும்ப வாங்கி வந்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கவுண்டருக்கு உள்பக்கம் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் நான். பத்திரம் வாங்கிப் போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பது சந்தோஷமான வேலை. ஆனால் விண்ணப்பப் பாரத்தைக் கூட வாங்காமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. பூ கட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவர். ஸ்ரீரங்கத்தில் ஒற்றை அறைப் போர்ஷனுக்கு மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறவர்கள்தான் இவர்கள். அதே தொகையைத் தவணையாகக் கட்ட இவர்களால் முடியும். ஆனால் சம்பளச் சீட்டு கிடையாது, வருமான வரிக் கணக்கு கிடையாது, அடமானம் வைக்க எதுவும் கிடையாது. விதி அப்படி. நான் விதியைக் குறை சொல்ல வரவில்லை. டெபாசிட் போட்டவர் பணத்துக்கு வங்கி பதில் சொல்ல வேண்டும்.

இப்படித் திரும்பிப் போகிறவர்களுக்கு வேறு ஒரு கணக்குப் போட முடியுமா என்று யோசித்து, போட்டும் காட்டிய ஒருவருடைய கதையை இந்தக் காலாண்டுக்கு எழுதலாம் என்று தோன்றியது. ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி என்ற வீட்டுவசதித் தொண்டு நிறுவனத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையில் சுத்தியலுடன் வீடு கட்டும் படங்கள் பத்திரிகைகளில் நிறைய வந்தன. அந்த நிறுவனம் பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே இறந்துபோன ஒரு விவசாயிதான் அதன் வேர். பெயர் கிளாரன்ஸ் ஜோர்டன்.

ஜோர்டன் பிறந்தது 1912 ஜூலை 29-ல், அமெரிக்காவின் தென்பகுதியில் ஜார்ஜியா மாநிலத்தில், டால்பட்டன் என்ற சிற்றூரில். பத்துப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா ஊரில் வசதியானவர், வங்கி நடத்தியவர் (இதைப் படித்ததும் எனக்கு அவர் மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம் வந்துவிட்டது). வீட்டுக்குப் பக்கத்திலேயே கைதிகள் முகாம் இருந்தது. சங்கிலி பூட்டி ரோடு வேலைக்கு அழைத்துப் போகப்பட்ட கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். ஒரு நாள் சர்ச்சில் அன்பைப் பற்றி உருகிப் பாடிய முகாம் அதிகாரி, அன்று இரவே ஒரு கைதியைச் சித்திரவதை செய்த சத்தம் சிறுவன் ஜோர்டனின் காதில் விழுந்தது. அவர் கடைசி வரை மறக்காத சத்தம் அது.

வாரத்துக்கு உழும் ஏழை விவசாயிகளுக்கு நல்ல சாகுபடி முறைகளைச் சொல்லிக்கொடுத்தால் வறுமை குறையும் என்று நம்பி, ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்து 1933-ல் பட்டம் வாங்கினார். பிறகு விவசாயம் மட்டும் போதாது, மனிதர்களின் மனமும் மாற வேண்டும் என்று தோன்ற, கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். பைபிளின் புதிய ஏற்பாட்டை மூல மொழியான கிரேக்கத்திலேயே படித்து முனைவர் பட்டம் பெற்றார். 1936-ல் ஃபுளோரன்ஸ் என்ற பெண்மணியை மணந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் பட்ட சிரமங்களில் சரிபாதி இந்த அம்மாளுக்குச் சேரும்.

1942-ல் ஜோர்டன் தம்பதியும், மார்ட்டின் இங்கிலாண்ட் என்ற மிஷனரியின் குடும்பமும் சேர்ந்து ஜார்ஜியாவின் அமெரிக்கஸ் ஊருக்கு அருகே 440 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். இங்கிலாண்ட் பர்மாவில் ஊழியம் செய்தவர். பர்மா யுத்தம் நம் பக்கத்துக் குடும்பங்கள் எத்தனையை நடந்தே ஊர் திரும்ப வைத்தது என்பது திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே யுத்தம்தான் இவரைப் பர்மாவுக்குத் திரும்பிப் போக விடாமல் செய்தது. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துக் கையில் அறுபது டாலர் கூட இல்லை. நண்பர் ஒருவர் கொடுத்த முன்பணத்தில்தான் நிலம் கைக்கு வந்தது. பண்ணைக்குக் கொய்னோனியா என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் கூட்டுறவு, பகிர்ந்து வாழ்தல் என்று பொருள்.

பண்ணையில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக வேலை செய்தார்கள், சமமான கூலி வாங்கினார்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த நாளில் ஜார்ஜியாவில் பெரிய குற்றம் எது என்றால் இந்தக் கடைசிக் காரியம்தான். சமபந்தி என்றால் நம் ஊரிலும் எத்தனை பேருக்கு முகம் சுளித்தது என்பதை நினைத்துப் பார்த்தால் புரியும்.

ஜோர்டன் வெறும் பிரசங்கி இல்லை, நல்ல விவசாயி. கோழி வளர்ப்பை முறையாகச் செய்து காட்டி, சுற்றுவட்டாரத்தில் அதை ஒரு தொழிலாக்கினார். எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய பசு நூலகம். பால் வாங்க வசதியில்லாத அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது போலப் பண்ணையிலிருந்து ஒரு கறவை மாட்டை எடுத்துப் போகலாம். தீனி அவர்கள் பொறுப்பு. பால் வற்றியதும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாடு வாங்கிக்கொள்ளலாம். வாடகை கிடையாது. பின்னால் அவர் வீட்டுக்குப் போட்ட கணக்கு முழுக்க இந்த மாட்டிலேயே இருக்கிறது என்பேன். தானமாகவும் கொடுக்கவில்லை, லாபத்துக்கும் விடவில்லை. சுற்றுக்கு விட்டார்.

அவர்களுக்கு வந்த முதல் பெரிய அடிக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1950-ல் நம் நாட்டிலிருந்து போயிருந்த ஒரு மாணவர் பண்ணையைப் பார்க்க வந்தார். அமெரிக்க சர்ச் வழிபாடு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டார். ஜோர்டன் குடும்பத்தார் தாங்கள் வழக்கமாகப் போகும் சர்ச்சுக்கு அழைத்துப் போனார்கள். மாநிறத்துக்கும் சற்றுக் கூடுதலான நிறம். சபையார் அவரைக் கறுப்பினத்தவர் என்று எடுத்துக்கொண்டார்கள். சில நாட்களில் கொய்னோனியாக்காரர்கள் அனைவரையும் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

1956-ல் நிலைமை முற்றியது. அட்லாண்டாவில் வெள்ளையர் மட்டும் படித்த ஒரு வணிகக் கல்லூரியில் சேர விரும்பிய இரண்டு கறுப்பின மாணவர்களின் விண்ணப்பத்துக்கு ஜோர்டன் பரிந்து போனார். செய்தி பரவியதும் ஊரே பண்ணையைப் புறக்கணித்தது. விதை கிடையாது, உரம் கிடையாது, டீசல் கிடையாது. விளைந்ததை வாங்கவும் ஆள் கிடையாது. சாலையோரம் அவர்கள் வைத்திருந்த கடையைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். திரும்பக் கட்டினார்கள், 1957 ஜனவரியில் அதையும் தகர்த்தார்கள். இரவில் வீடுகளை நோக்கித் துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போவார்கள். துணிந்து அவர்களுக்குச் சாமான் விற்ற அமெரிக்கஸ் கடை ஒன்றிலும் குண்டு வெடித்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பாலிசியை ரத்து செய்தன. ஜோர்டனின் சொந்தத் தம்பி வக்கீல், பிற்காலத்தில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். பண்ணைக்காக வாதாட வரும்படி அண்ணன் கேட்டபோது, தன் அரசியல் எதிர்காலம் கெடும் என்று மறுத்துவிட்டார்.

இதில் நம்மைப் போன்ற கணக்குப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இன்சூரன்ஸ். பாலிசி போனதும் நாடு முழுவதும் இருந்த நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பண்ணைக்குச் சேதம் வந்தால் ஆளுக்கு ஒரு சிறு தொகை தருகிறேன் என்று பலர் எழுதிக் கொடுத்தார்கள். அதுவே காப்பீடு ஆயிற்று. உள்ளூரில் விற்க முடியாததால், பிகான் என்ற கொட்டைப் பருப்பைத் தபாலில் வெளியூர்களுக்கு விற்க ஆரம்பித்தார்கள். உள்ளூர்ப் புறக்கணிப்பு தபால்காரரைத் தடுக்க முடியவில்லை. அந்தத் தபால் வியாபாரம் இன்றும் நடக்கிறது.

ஆனாலும் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் அவமானம், பெரியவர்களுக்கு உயிர்ப் பயம். அறுபதுகளின் நடுவில் விரல் விட்டு எண்ணும் குடும்பங்களே மிஞ்சின. ஜோர்டன் வயல் நடுவே ஒரு சின்னக் கொட்டகையில் உட்கார்ந்து, பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தன் ஊர் விவசாயிகள் பேசும் பேச்சு வழக்கில், ஜெருசலேமுக்குப் பதிலாக அட்லாண்டா என்று ஊர்ப் பெயர்களையும் மாற்றி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பண்ணையை விற்றுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

1965 டிசம்பரில் அங்கே வந்தவர் மில்லர்ட் ஃபுல்லர். அலபாமாக்காரர், வக்கீல், முப்பது வயதுக்குள் வியாபாரத்தில் கோடீஸ்வரர். பணம் சேர்க்கும் வேகத்தில் குடும்பம் உடையும் நிலைக்கு வந்து, சொத்தையெல்லாம் கொடுத்துவிடுவது என்று மனைவியுடன் முடிவு செய்திருந்தார். நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பலாம் என்று வந்தவர் ஒரு மாதம் தங்கிவிட்டார். 1968-ல் குடும்பத்தோடு திரும்பி வந்தார். அந்த வருடம் இருவரும் சில நண்பர்களைக் கூட்டி, பண்ணையை இனி என்ன செய்வது என்று பேசினார்கள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். அந்த வட்டாரத்தில் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பங்கள் நில உரிமையாளர் போட்டுக் கொடுத்த பலகைக் குடிசைகளில் இருந்தன. தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது. பருத்தி பறிக்க எந்திரம் வந்ததும் ஆட்கள் தேவையில்லை என்று ஆயிற்று. வேலை போனால் குடிசையும் போயிற்று. நம் காவிரிப் படுகையிலும் பண்ணையாட்களுக்கு இதே நிலைதான். அவர்கள் குடியிருக்கும் மனையை அவர்களுக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971-ல்தான் வந்தது.

ஏழைக்கு இல்லாதது மூலதனம், அதைத் தருமமாகக் கொடுத்தால் அவன் நிமிர முடியாது என்பது ஜோர்டனின் எண்ணம். பணக்காரனுக்கும் ஒரு சிக்கல் உண்டு, தேவைக்கு மேல் இருப்பதை உருப்படியாகக் கழிக்க வழி தெரியவில்லை என்றும் சொல்லிவந்தார். இரண்டு பேரையும் ஒரே பேரேட்டில் கொண்டுவர ஒரு நிதி தொடங்கினார்கள். மனிதகுல நிதி என்று பெயர். இருக்கிறவர்கள் நன்கொடையாகவோ, வட்டியில்லாக் கடனாகவோ அதில் பணம் போடலாம். பண்ணை நிலத்தில் அரை ஏக்கர் வீதம் 42 மனைகள் பிரித்தார்கள். நாலு ஏக்கர் பூங்காவுக்கு ஒதுக்கினார்கள். (நம் ஊர் லேஅவுட் போடுகிறவர்கள் கவனிக்க.)

வீட்டின் விலை 6,000 டாலர். கட்டின செலவு மட்டும், லாபம் கிடையாது. இருபது வருடத் தவணை. மாதம் 25 டாலர். 240 மாதத்தில் சரியாக 6,000. வட்டி என்ற கலமே அந்தப் பேரேட்டில் இல்லை.

இதை நம் ரூபாயில் பார்த்தால் விளங்கும். 6 லட்சம் கடன், 20 வருடம், வட்டி இல்லை என்றால் மாதம் 2,500 ரூபாய். அதே கடனுக்கு 8 சதவீத வட்டி போட்டால் ஈ.எம்.ஐ. 5,019 ரூபாய். இருபது வருடத்தில் கட்டுவது 12 லட்சத்து 4 ஆயிரத்துக்கும் மேல். ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டு விலை. மாதம் 2,500 கட்டக்கூடியவருக்கும் 5,019 கட்டக்கூடியவருக்கும் நடுவில் எத்தனை குடும்பங்கள் நிற்கின்றன என்று யோசியுங்கள். கவுண்டரிலிருந்து திரும்பிப் போனவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நின்றார்கள்.

வட்டி இல்லாவிட்டால் நிதி எப்படி வளரும் என்று கேட்பீர்கள். நானும் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 42 வீடும் கட்டி முடித்து, எல்லோரும் 25 டாலர் கட்டினால் மாதம் 1,050 டாலர் வரும். ஆறு மாதத்துக்குள் இன்னொரு வீட்டுக்கான பணம் சேர்ந்துவிடும். பசு நூலகம் மாதிரிதான். ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சிமெண்டும் மரமும் விலை ஏறும். இருபது வருடம் கழித்து வரும் 25 டாலருக்குப் பழைய மதிப்பு இருக்காது. ஆகவே திரும்பி வரும் தவணையை மட்டும் நம்பி இந்த நிதி ஓடாது. வெளியிலிருந்து நன்கொடை வந்துகொண்டே இருக்க வேண்டும். விலைவாசி ஏற்றத்தை ஏழையின் தலையில் கட்டாமல் கொடுக்கிறவர் ஏற்றுக்கொள்கிறார். அதுதான் இதில் உள்ள தருமம், அதுவும் வாங்குகிறவர் கண்ணில் படாதபடி.

முதல் வீடு 1969-ல் எழும்பியது. ஹாலோ பிளாக் சுவர், உள்ளேயே குழாயும் கழிப்பறையும். அது முடிகிற நேரத்தில், அக்டோபர் 29 அன்று, ஜோர்டன் தன் எழுத்துக் கொட்டகையில் மாரடைப்பால் இறந்தார். வயது 57. சாவைச் சான்றளிக்க வேண்டிய அதிகாரி பண்ணைக்கு வர மறுத்துவிட்டார். ஃபுல்லர்தான் உடலைத் தன் வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. சவப்பெட்டிகளை அனுப்பப் பயன்படும் சாதாரண மரப்பெட்டியில் வைத்து, பண்ணையிலேயே ஒரு மேட்டில் புதைத்தார்கள். கல் நடவில்லை. மண்ணைத் தள்ளும்போது ஃபுல்லரின் சின்னப் பெண், தனக்குத் தெரிந்த ஒரே பாட்டான பிறந்தநாள் பாட்டைப் பாடினாளாம். சுற்றி நின்றவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஊர்க் கூலித் தொழிலாளிகள்.

ஃபுல்லர் வேலையை விடவில்லை. 1973-ல் ஆப்பிரிக்காவில் அன்றைய சயர் நாட்டுக்குப் போய் அதே முறையில் வீடு கட்டினார். திரும்பி வந்து 1976-ல் ஹேபிடட் நிறுவனத்தைத் தொடங்கினார். கார்ட்டரின் சொந்த ஊரான பிளெயின்ஸ் பண்ணைக்கு மிக அருகில் இருக்கிறது. 1984-லிருந்து அவரும் மனைவியும் சுத்தியல் பிடித்தார்கள். கார்ட்டரின் வெள்ளை மாளிகை நிர்வாகத்தில் முக்கியமானவராக இருந்த ஹாமில்டன் ஜோர்டன், கிளாரன்ஸின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த நிறுவனம் இருக்கிறது. இந்தியாவில் முதலில் கால் வைத்தது 1983-ல் கம்மத்தில். 2004 சுனாமிக்குப் பிறகு நம் தமிழகக் கடற்கரையிலும் வீடு கட்டினார்கள். 2006-ல் கார்ட்டரே லோனாவாலா பக்கம் வந்து நூறு வீடுகள் கட்டும் பணியில் கலந்துகொண்டார்.

அமெரிக்காவில் இந்த வீட்டுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்கிறேன், நம் பாரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று விஷயங்கள் பார்க்கிறார்கள். இப்போது இருக்கும் வீடு எவ்வளவு மோசம், அல்லது வாடகை வருமானத்தில் எவ்வளவு தின்கிறது என்பது முதலாவது. நம் வங்கியில் இந்தக் கேள்வியே கிடையாது. இரண்டாவது, குறைந்த தவணையையாவது ஒழுங்காகக் கட்ட முடியுமா. இதில் அவர்களும் கறார்தான். வருமானச் சான்று, பழைய கடன் விவரம் எல்லாம் கேட்பார்கள். மூன்றாவது, உடலுழைப்பு தரத் தயாரா. தன் வீட்டிலும் அடுத்தவர் வீட்டிலுமாகச் சில நூறு மணி நேரம் வேலை செய்ய வேண்டும். முன்பணத்துக்குப் பதில் வியர்வை. குழு ஒன்று வீட்டுக்கே வந்து பார்த்துத் தேர்வு செய்யும். இனமோ மதமோ கணக்கில் வராது. வெளியே சபை நீக்கமும் குண்டுவெடிப்பும் பார்த்த ஒருவரின் நிழல் அந்த வரியில் விழுந்திருக்கிறது.

நாட்டுக்கு நாடு முறை மாறுகிறது. இங்கே நம் வளாகத்தில் வேலை செய்கிற வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், துணி தேய்ப்பவர் ஆகியோருக்கு இப்போது கைக்கெட்டும் வழி பிரதமர் வீட்டுவசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்தால் நலிந்த பிரிவு. குடும்பத்தில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. சொந்த மனை இருந்தால் கட்ட மானியம்; மனை இல்லாதவர்கள் அடுக்கு வீடுகளுக்கு விண்ணப்பிக்கலாம். வங்கிக் கடன் கிடைத்தவர்களுக்கு முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய், ஐந்து தவணையில் வரும்.

அவர்களில் பலர் பாரத்தைப் பார்த்ததுமே பயந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். குடும்பத்தார் அனைவரின் ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக், மனை இருந்தால் பட்டா. இவற்றின் நகலோடு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் சங்க அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். நான் அங்கேதான் இருப்பேன், பாரம் நிரப்பித் தருகிறேன். பேனா நான் கொண்டு வருகிறேன். ஜெராக்ஸ் செலவைச் சங்கம் ஏற்க முடியுமா என்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன்.